பாய் விலகும்வரை

– தலையைத் தூக்காதேடா பெட்டெலோ! பாய் அசையுது. ஊரே ரோட்டுல நின்னு பாக்குது.

– மூச்சு முட்டுதுக்கா. தாழம்பாய்க்குள்ள இவ்வளவு வெக்கையா?

– பின்ன, ஏசி போட்டா குனிய வைப்பாங்க? குடும்பத் தலைவி பட்டத்தை என் தலையில கட்டினப்போ பன்னி அடிச்சு விருந்து தின்னது நீங்கள்லாம். மண்டி போட மட்டும் இந்த ஃபுவாடினோ!

– நானும்தானே கூட மண்டி போட்டிருக்கேன்.

– உன்னை யாரு வரச் சொன்னா? தப்பு பண்ணினவன் வீட்டுல கிடப்பான், தலைவிதான் பாய்க்குள்ள போவா. அதான் வழக்கம். அடம்பிடிச்சு வந்துட்டே, வாயையாவது மூடு.

– விடியறதுக்குள்ள வந்தோம், வெயில் ஏறிடுச்சு. மகெரிட்டா வீட்டை விட்டு வெளியவே வரலியே?

– வரலைன்னா இங்கதான் கிடக்கணும். முன்னாடி கல்லும் விறகும் எதுக்குப் போட்டிருக்கோம்? 'எங்களை வேணா சுட்டுத் தின்னுங்க'ன்னு. அவங்க வந்து பாயை எடுத்தா மன்னிப்பு. எடுக்கலைன்னா, நம்ம வீட்டுப் பொண்ணுங்க இந்த வழியா சர்ச்சுக்குக்கூட நடக்க முடியாது.

– ஒரே ஒரு படம்தானேக்கா...

– 'தானே'யா? எங்க, இன்னொரு தடவை சொல்லு!

– இல்லக்கா.

– செத்த பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, மேல்துணி நழுவினதுகூடத் தெரியாம மகெரிட்டா கதறுறா. அதை எடுத்து சிட்னிப் பத்திரிகைக்கு அனுப்பினே. வெள்ளத்துல ஊர் போனெல்லாம் செத்துக் கிடக்கு, உன்கிட்ட மட்டும் சாட்டிலைட் போன்! ஆக்லாந்துல அவ மகன் வேலை செய்யற இடத்துல, சாப்பாட்டு மேஜையில கிடந்துதாம் அந்தப் பேப்பர். தங்கச்சி போயிட்டான்னு அவனுக்குத் தெரிஞ்சது அப்பதான்.

– தெரியும். அதனாலதான் நானே வந்தேன்.

– எடுக்கட்டுமான்னு அவளை ஒரு வார்த்தை கேட்டியா?

– கிட்டவே போகலை. ரோட்டுல நின்னு நீள லென்ஸ் போட்டு எடுத்தேன்.

– அட கேவலமே! நம்ம வீடுங்களுக்குச் சுவர் கிடையாது. அதனால தெருவுல போறவன் பார்வையைத் திருப்பிக்கிட்டுப் போறான். அதுதான்டா நம்ம சுவர். நீ அதை இடிச்சிட்டே.

– எடுத்தா உதவி வரும்னு நெனச்சேன். வந்துச்சே! கப்பல் வந்துச்சு, மருந்து வந்துச்சு, மாவு வந்துச்சு.

– வந்துச்சு. அந்த மாவுல சுட்ட பணியாரத்தை நானும்தான் தின்னேன். எப்படி இறங்குச்சுன்னு மட்டும் கேக்காதே.

– அக்கா.

– என்ன?

– என் கழுத்துல துண்டு இருந்துச்சு. ஓடிப்போய் அவங்க தோள்ல போர்த்தியிருக்கலாம். போர்த்தினா படம் கெட்டுடும்னு தோணுச்சு.

– தள்ளிக் குனி, உன் தோள் என்மேல படுது.

– ஏதாவது திட்டேன்.

– திட்டினா ரோட்டுக்கே கேக்கும். வீட்டுக்கு வா.

– அன்னிக்கு விடாம அமுக்கிக்கிட்டே இருந்தேன். கேமரா கார்டு நிறைஞ்சிடுச்சு. முந்தின நாள் பள்ளிக்கூடத்துல எடுத்ததையெல்லாம் அங்கேயே நின்னு அழிச்சு, இடம் பண்ணிக்கிட்டேன்.

– பள்ளிக்கூடத்துல என்ன எடுத்தே?

– மழைக்கு ஒதுங்கின பசங்க. பல்லைக் காட்டிக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டு. அதை எந்தப் பத்திரிகை போடும்?

– சரி சரி, குனி. சீ, போ! நாய் வந்து மோந்து பாக்குது.

– திட்டாதேக்கா, அவங்க வீட்டு நாய்.

– நேரா உன் பக்கம்தான் வருது பாரு. நாத்தம் எங்கேன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு.

– அக்கா... கால் சத்தம்.

– அசையாதே. கல்லே விழுந்தாலும் அசையாதே.

– எந்திரிங்க ஃபுவாடினோ. முட்டி தேஞ்சிடும். உள்ள வாங்க, கோகோ கொதிக்குது.

– மகெரிட்டா! பாயை நீயே எடுத்துட்டியாம்மா? எங்க குடும்பம் மொத்தமும் உனக்கு...

– அதெல்லாம் அப்புறம் பேசலாம். என் வீட்டுக்காரருக்கு இன்னும் கோவம் ஆறலை. அந்தத் தம்பியும் வந்திருக்கான்னு சொன்னாங்க, நானே எடுக்கறேன்னு வந்தேன். நீதானே பெட்டெலோ?

– நான்தாங்க. உங்க முகத்தைப் பாக்கவே எனக்கு...

– பரவாயில்ல, பாரு. அன்னிக்கு ரொம்ப தூரத்துலேர்ந்து பாத்தே.

– மன்னிச்சிடுங்க.

– அழாதே தம்பி. உன்னை ஒண்ணு கேக்கணும்னுதான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன். எங்களுக்குத் தூணும் கூரையும்தான் மிச்சம். ஆல்பம், போன் எல்லாம் ஆத்தோட போயிடுச்சு. மகன்கிட்ட இருக்கறது என் பொண்ணு பெனினாவோட கைக்குழந்தைப் படம். அவ வளந்த முகம் இருக்கறது உன் பேப்பர்ல மட்டும்தான். அதுல கண்ணு மூடியிருக்கு.

– அக்கா...

– ஏன் உங்க அக்காவைப் பாக்கறே? மழை விட்டுடுச்சுன்னு நம்பி வெள்ளம் வர்றதுக்கு முந்தின சாயங்காலமே அவளைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன், பாவி. வழியெல்லாம் ஒரே பேச்சு. 'விழுந்த பல்லு ஓட்டையைக் காட்டிச் சிரிச்சேம்மா, கேமரா மாமா எடுத்தாரு'ன்னு. அந்தப் படத்தைக் குடு தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.