தயவுசெய்து காத்திருக்கவும்

மத்தியானம் சாப்பிட்டால் எனக்குக் கண்ணைச் சொக்கும், சார். தஞ்சாவூர் ஆபீஸில் எல்லோருக்கும் இது தெரியும். ஜெனித் மேசையில் தலை சாய்த்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். போன்தான் எழுப்பும்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, மதகு திறக்கவில்லை, கரை உடைகிறது என்று விவசாயிகள் புகார் அனுப்ப ஒரு ஆப் நடத்துகிறோம். பின்னால் வேலை பார்ப்பவை பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய சின்னச் சின்ன சர்வீஸ்கள். அவற்றை எழுதியவர் ரோஸ்லின் அக்கா. அவற்றுக்கு முன்னால் வாசல் மாதிரி கேட்வேயை நிறுத்தியவன் நான். எந்தப் புகாரும் முதலில் என் வாசலுக்குத்தான் வரும். அனுப்பியது யாரென்று பார்த்து கேட்வே அதை உரிய சர்வீஸுக்கு அனுப்பும். ஒரு நம்பருக்கு நாளைக்கு இத்தனைதான் என்று லிமிட் உண்டு; அதைத் தாண்டி ஓயாமல் தட்டினால் என் போன் அலறும்.

அப்படி உயிரை வாங்கியது ஒரே ஒரு நம்பர். கடைமடை ஊர், கண்ணாத்தாள் என்ற அம்மா. தெருவில் யாருக்கு என்ன குறை என்றாலும் அவரிடம்தான் ஓடுவார்களாம். தன் போனிலிருந்து அவர்தான் எல்லோருக்காகவும் புகார் தட்டி அனுப்புவார்.

"அது ஒரு ஆள் இல்ல ஜெனித், ஒரு தெருவே. அந்த நம்பருக்கு மட்டும் லிமிட்டை ஏத்தி விடேன்" என்றார் அக்கா.

"சரிக்கா" என்றேன். ஏற்றவில்லை. அலுத்துப்போயிருந்தேன், சார். கேட்வேயில் ஒரு விதி எழுதினேன்: அந்த நம்பரிலிருந்து எது வந்தாலும் உள்ளே விடாதே, வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பு. 'புகார் பதிவாகிவிட்டது. ஆட்கள் வருகிறார்கள். தயவுசெய்து காத்திருக்கவும்.'

அதன் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

"அந்தத் தெருவுக்குத் தண்ணி வந்துருச்சு போல. சத்தத்தையே காணோம்" என்று அக்கா சந்தோஷப்பட்டார். நான் தலையாட்டினேன்.

ஐப்பசி மழையில் ஆற்றுக் கரை கசிந்தது. பட்டப்பகல்தான். தெருவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதாம். கண்ணாத்தாளின் வீட்டுக்காரர் ஐயாவுதான், "ஆளு வராங்கன்னு போன்ல போட்டிருக்குல்ல, அதுவரைக்கும் மூட்டையைப் போட்டுப் பிடிப்போம்" என்று ஆம்பளைகளைக் கரையில் நிறுத்தினாராம். கரை அவர்களோடு சேர்ந்து போனது.

அந்தம்மா அனுப்பிய ஒவ்வொன்றும் வாசலில் நின்றபடியே என் திரையில் வந்தது. கரை கசியுது. கரை பொளக்குது. சீக்கிரம் வாங்க. எல்லாவற்றையும் படித்தேன். விதியை எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. எடுத்தால், இத்தனை மாதம் அந்தத் தெருவின் புகாரெல்லாம் எங்கே போயிற்று என்று அக்கா கேட்பார். மழை விட்டுவிடும் என்று நினைத்தேன். மேசையில் தலை சாய்த்துக்கொண்டேன்.

சாயங்காலமும் அதே நம்பர். 'எங்க வீட்டுக்காரரைக் காணோம். ஆளு எப்ப வருவாங்க?' அதற்கும் அதே பதில் போனது.

நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, சார். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறுமனே 'காத்திருக்கவும்' என்று நான் போடவில்லை. 'தயவுசெய்து' என்று சேர்த்திருந்தேன். அந்தம்மாவிடம் நான் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை.