மன்றாட்டில் வாசித்த பெயர்

"வருது! குப்புறப் படுங்கோ!"

படுக்கிறேன். கையில் வாளி. காலை ஏழு இருபது. தூரத்தில் 'டும்' என்று வெளிக்கிடும் சத்தம். பதினொன்று எண்ணுகிறேன். பிறகு சீட்டி. பிறகு வாயெல்லாம் மண். முதல் ஷெல் மருந்தறையில். இரண்டாவது ஆஸ்பத்திரி வளவுக்குள் நாங்கள் வெட்டிய பங்கர் வாசலில். என் வீட்டார் எல்லோரும் அந்தப் பங்கருக்குள். நான் தண்ணீர் எடுக்க வெளியே வந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று நாள் கழித்துக் கைகளை உயர்த்திக்கொண்டு இராணுவம் நின்ற பக்கம் போனோம். ஒரு அதிகாரி. மேசை. வரைபடம். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் யார் என்று கேட்டான். கை தூக்கினேன். வரைபடத்தில் எங்கள் ஆஸ்பத்திரி மேல் விரலை வைத்தான். அதைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பு வட்டம் போட்டிருந்தது. சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு இப்போது வழக்கு நடக்கிறது. வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில். சிவப்பு வட்டத்தைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.

நான் டென்மார்க்கில் இருக்கிறேன். ஹோர்சன்ஸ் என்று எழுதுகிறேன். அது ஹோர்சன்ஸ் இல்லாமலும் இருக்கலாம். முதியோர் இல்லத்தில் வேலை. என் பெயர் இதில் வராது. நீதிமன்றத்தில் நான் ஒரு இலக்கம். திரை போடுவார்கள். குரலை மாற்றுவார்கள். மொழிபெயர்ப்பாளர் கனடாவிலிருந்து. டென்மார்க்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் யாரோ ஒருவருக்கு ஒன்றுவிட்ட அண்ணனாகத்தான் இருப்பார். அதைக்கூட யோசித்தார்கள். இவ்வளவும் என் தம்பிக்காக. அவன் மன்னாரில் சைக்கிள் திருத்துகிறான். எனக்கு மிஞ்சிய ஒரே இரத்தம். என் பெயர் வெளியே போனால் அவனிடம்தான் வருவார்கள்.

திரையெல்லாம் சரி. ஓட்டை என் வாயில் இருந்தது. பயமாக இருந்தது. எனக்காக யாராவது செபிக்க வேண்டும் போல் இருந்தது. கணவரின் தங்கையிடம், என் மச்சாளிடம், சொன்னேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். சத்தியத்தை மீறினாள் என்றுகூட அவள் நினைக்கவில்லை. ஆண்டவரிடம் சொல்வது சொல்வதில்லையாம்.

ஞாயிறு தமிழ்ப் பூசை. பூசை நடுவில் பிறருக்காக வேண்டும் விசுவாசிகள் மன்றாட்டை நாங்களே எழுதி வாசிப்பது வழக்கம். அன்று மச்சாளின் முறை. ஊரில் இருக்கிற சொந்தங்கள் பார்க்கட்டும் என்று பூசையை நேரலையில் விடுவதும் வழக்கம். அவள் வாசித்தாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் எங்கள் சகோதரிக்குத் தைரியம் தாரும் என்று. என் முழுப் பெயரோடு. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயிலே பதில் சொன்னது. பழக்கத்தில் என் வாயும் சேர்ந்து சொன்னது.



பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி. ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பேர், உடம்புகளை எடுத்தார்களா என்று கேட்டார்கள். உதட்டில் எண்ணெய். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கடல் கடந்தும் அந்த வாய் அப்படியேதான் இருக்கிறது. ஒருத்தி என் தோளைத் தடவினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

புதன்கிழமை தம்பி போன் எடுத்தான். பின்னேரம் மூன்று பத்து. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்களாம். போனில் எங்கள் பூசையைப் போட்டுக் காட்டினார்களாம். அடிக்கவில்லை. தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் வருவோம் என்று போனார்களாம்.

"அக்கா, நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில இருக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன். உங்கட மகள் காய்ச்சலில செத்தவள் எண்டும் சொன்னனான். நீங்களும் எல்லாருக்கும் அதையே சொல்லுங்கோ. அவங்களுக்கு டென்மார்க்கிலயும் ஆக்கள் இருக்கினம்."

சாட்சிகளைக் கவனிக்கும் நீதிமன்றத்துப் பெண்ணுக்குச் சொன்னேன். நேரலைப் பதிவை நீக்கச் செய்யலாம், பிரதி எடுத்தவர்களை ஒன்றும் செய்ய முடியாது என்றாள். சாட்சி சொல்லாமல் விலகினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றாள். விலகினால் அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போகும். விலகமாட்டேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு. அதே மண்டபம். நானே எழுந்து நின்றேன்.

"மச்சாள் பிழையா விளங்கிப்போட்டா. அது என்ர வேலையிட வழக்கு. நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனதே இல்லை. என்ர பிள்ளை காய்ச்சலில செத்தது."

மச்சாள் தலையை ஆட்டினாள். செத்தது அவள் அண்ணனின் பிள்ளை. ஆனாலும் ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"ஓம், காய்ச்சல் எண்டுதான் நாங்களும் அப்பவே கேள்விப்பட்டனாங்கள்" என்றார் ஒருவர். அப்படி ஒரு கேள்விப்படலே உலகத்தில் இல்லை. இன்னும் மூன்று பேர் ஓம் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் மண்டபத்துக்கே அந்தக் காய்ச்சல் தெரிந்திருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு போனேன். திரைக்குப் பின்னால் இரண்டு நாள். எல்லாம் சொன்னேன். மருந்தறை, பங்கர், சிவப்பு வட்டம், சிரிப்பு. என் சொந்தக் குரலைத் தவிர எல்லாம் என்னுடையது. வெளியாருக்குக் கொடுக்கும் பதிவில் செத்தவர்களின் பெயர்கள் மேல் கறுப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் தெரிந்தால் என்னைக் கண்டுபிடித்துவிடலாம். சட்டம் சரிதான். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இழந்த கணக்கு இது. மருந்தறையில் நான்கு பேர், அதில் ஒரு தாதி. பங்கருக்குள் ஐந்து பேர். கணவர். மாமியார். பக்கத்துக் கொட்டில் தாயும் அவள் கைக்குழந்தையும். என் மகள்.

தம்பி கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறேன். எங்கே என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

மகளுக்கு ஒன்பது வயது. ஷெல் விழுந்து செத்தாள். ஹோர்சன்ஸில் யாரைக் கேட்டாலும் காய்ச்சல் என்பார்கள். அவர்களுக்குச் சொன்னது அவளைப் பெற்றவள்.