இரண்டாம் தொட்டியில் சுத்தியல் சத்தம்

— அண்ணே, கொஞ்சம் கையை எடு. ரெண்டாம் தொட்டியில திரும்பவும் கேக்குது.

— என்ன கேக்குது?

— டொக்குன்னு. என் வீட்டுக்காரர் தகடு வச்சு எண்ணெய்க் கசடைச் சுரண்டுறாரு, கரகரன்னுதானே கேக்கணும்? சுத்தியல் இருக்கறது மொட்டைப் பய கையில. மொட்டை இறங்கினது ஒண்ணாம் தொட்டியில.

— ஹெட்ஃபோனை இப்படிக் குடு. ஆமா, டொக்தான். சுவிட்சை ஒண்ணாம் தொட்டிக்குத் தள்ளு. அட, இங்கயும் அதே டொக். இங்க இன்னும் பலமா இருக்கு.

— ரெண்டு தொட்டியிலயும் எப்படி அண்ணே ஒரே சத்தம்?

— பயப்பட ஒண்ணுமில்லை பாப்பா. கசிவு.

— எங்க? தொட்டியிலயா?

— உன் தலையில. சத்தம் கசியுது, சத்தம். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கற சுவிட்ச், கட்டைவிரல் நகம் அளவு சிப்பு. ஒரு தொட்டி மைக்குக்கு வழி விட்டா இன்னொன்னை அடைக்கும். ஆனா முழுசா அடைக்காது. கதவைச் சாத்தினாலும் பக்கத்து ரூம் சண்டை கேக்குதுல்ல, அது மாதிரி. புரியுதா?

— அப்போ மொட்டையோட டொக் இவர் பக்கம் வருது?

— வருது. எது பலமோ அதுதான் அசல், எது மெலிசோ அது நிழல். தீர்ந்தது கதை.

— அப்போ இவரோட கரகர எங்க?

— வேர்வை துடைச்சிட்டு உக்காந்திருப்பாரு. உன் புருஷன் உக்கார்றதுக்குச் சொல்லித்தரணுமா?

— விளையாடாதே. நான் ஓடிப் போய் தொட்டி மூடியில எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.

— உக்காரு. உள்ள ஆள் இருக்கும்போது காது கொடுக்கறவ எழுந்திரிக்கக் கூடாது. அப்பா இறங்கின அன்னைக்கு எழுந்து போனவன் டீ குடிக்கத்தான் போனான். அவன் திரும்பி வந்தப்போ என்ன ஆச்சுன்னு நான் உனக்குச் சொல்லணுமா?

— சொல்ல வேண்டாம். அதனாலதான் கேக்கறேன். மூடிகிட்ட கயிறு பிடிக்கறவர் எங்க?

— லாரி வந்துடுச்சுன்னு முதலாளி கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்ப வந்துடுவாரு.

— அப்போ நீயாவது போ.

— பெட்டியைத் திறந்து போட்டுட்டா? ரெண்டு வயரை ஈயம் வச்சு ஒட்டிட்டா முடிஞ்சது. போன வாரம் நீ இரைச்சலைக் கேட்டுப் பயந்து எல்லாரையும் மேல ஏத்தினியே, முதலாளி மாப்பிள்ளையைப் பாத்து என்ன கத்து கத்தினாரு? இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்தப் பெட்டியையே தூக்கி வீசிடுவாரு. அப்புறம் காது கொடுக்க ஆளே இருக்காது.

— ஒண்ணாம் தொட்டி வயரைப் பிடுங்கிப் பாரேன். ரெண்டுல டொக் நின்னுட்டா நிழல்தான்னு தெரிஞ்சிடுமே.

— ஐயோ, நல்லாத்தான் யோசிக்கற! ஆனா உள்ள மொட்டை இருக்கான். ஆள் இருக்கும்போது வயரைத் தொடக் கூடாது, நாமதானே அந்தச் சட்டம் போட்டோம்.

— ஒண்ணுல எதுக்கு அவ்வளவு பலமா கேக்குது?

— அந்த மைக் மந்தம். மொட்டை சுத்தியலே காதுல விழலைன்னு நேத்தே அந்தப் பக்கம் சத்தத்தைக் கூட்டி வச்சேன். இப்ப அதுல எது விழுந்தாலும் பெருசாத்தான் கேக்கும்.

— இரைச்சலும் குறைஞ்சிருக்கு.

— குறையாதா? காலையில பூரா தேடினேன். மணி வயர் மைக் வயரோட ஒட்டிப் போகுது, அதுதான் இரைச்சலை உள்ள தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அவங்க இறங்கினதும் மணியைக் கழட்டி வச்சிட்டேன்.

— மணியையா? மேல ஏறினா அந்தப் பொத்தானைத்தானே அமுக்குவாங்க?

— அவங்க ஏற இன்னும் நேரம் கிடக்கு. பெட்டியை மூடினதும் மாட்டிடறேன். மூஞ்சியை அப்படி வைக்காதே, புரியுதா?

— அண்ணே.

— என்னம்மா?

— டொக் மெதுவாயிடுச்சு. முன்னாடி வேகமா இருந்துச்சு. இப்ப ஒண்ணு, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு.

— மொட்டைக்குக் கை வலிக்குது. சுத்தியல் என்ன பூவா?

— அவன் பாட்டுப் பாடிக்கிட்டே அடிப்பான். இன்னைக்குப் பாட்டே இல்லை.

— சுவிட்ச் பாட்டையெல்லாம் தின்னுடும். பலமான சத்தம்தான் தப்பிச்சு வரும். இரு, இந்த முனையை எர்த்துல சேர்க்கறேன். நிழல் பாதியாக் குறையும் பாரு. கேக்குதா?

— லேசா. உரசுற மாதிரி. போதும் அண்ணே, அந்த வயரை விட்டுடு.

— சின்ன வயசுல கரண்ட் போனா இப்படித்தான் கத்துவ. இன்னும் ஒரே ஒரு வயர். ஆச்சு. இப்ப கேளு.

— நின்னுடுச்சு.

— ரெண்டுலயா?

— ரெண்டுலயும் இல்லை. ஒண்ணுலயும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

— அப்பாடா! சொன்னேனா இல்லையா? மொட்டை கையை நிறுத்தினான், அசலும் போச்சு, நிழலும் போச்சு. இனி ரெண்டாம் தொட்டியில மாப்பிள்ளை மூச்சு விட்டாக்கூட உனக்குக் கேக்கும்.

— கேக்கலையே அண்ணே.

— எது?

— மூச்சு.

— இரு, பதறாதே. யாரோ கதவைத் தட்டறாங்க. கயிறு பிடிக்கறவரா இருக்கும். உள்ள வாங்க!

— நான்தான் அண்ணி, மொட்டை. சோப்புத் தீந்து போச்சு, ஒரு கட்டி இருந்தாக் குடுங்க. கசடு கையை விட்டுப் போகவே மாட்டேங்குது.

— மொட்டை! நீ… நீ எப்ப மேல வந்த?

— நானா? சுத்தியல் காம்பு உடைஞ்சு போச்சுன்னு இறங்கின கொஞ்ச நேரத்துலயே ஏறிட்டேனே. ஒண்ணாம் தொட்டி அப்பலேர்ந்து காலிதான். ஏறினதும் மணி அடிச்சேனே அண்ணி, உங்களுக்குக் கேக்கலையா?