பத்துக்குப் பத்து

மாலை ஐந்தே முக்கால். 2006 ஜனவரி. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மொன்ட்ரியாலில் இல்-பிசார் தீவின் பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு வாகனம்கூட இல்லை. பேருந்தைத் தவறவிட்டு, காலடியில் பனி நெறுநெறுக்க நடந்துகொண்டிருந்தான் ஜெறோம். மேலங்கிக்குள் ஒரு கணினிக் குறுந்தட்டு... அதில் கற்பூர வாசம்.

போன மாதம் இறந்த சோதிடர் தியாகலிங்கத்தின் தட்டு. சாதகம் கணிக்கும் செயலி. கொடுத்தது அவர் மனைவி கிளி.

“அவர் இல்லாம இது ஓடாது தம்பி.”

“விண்டோஸே இல்லாம ஓட்டுவன் அக்கா. அவர் என்னத்துக்கு?”

ஜெறோம் அப்படித்தான். விண்டோஸ் வைத்திருப்பவன் மடையன். சாதகம் பார்ப்பவன் அதைவிட மடையன். மட்டக்களப்புக் கத்தோலிக்கன்; அவன் பிறந்த நேரத்தை வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவன் காதலிக்கும் தக்ஷினியின் அப்பா ஆனந்தராசா பொருத்தம் பார்க்காமல் பெண் தரமாட்டார். காலைக்குள் சாதகம் வராவிட்டால் ரொறன்ரோ மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே ஒரு நேரம் வேண்டும். பொருந்துகிற நேரம். பொய் நேரம்.

மொன்ட்ரியால்-நோரில் அவனது நிலக்கீழ் அறை. கணினியில் லினக்ஸ் மட்டும். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டிக்காட்டும் ‘வைன்’ மூலம் தட்டைத் திறந்தான். எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். எழுத்துருவை எடுத்துப் போட்டான். தமிழ் வந்தது.

“இவ்வளவுதான் உங்கட சாத்திரம்,” என்றான் திரையைப் பார்த்து.

இருவரின் விவரங்களையும் கொடுத்தான். தன் நேரம்... காலை ஒன்பது. பத்துக்கு நாலு பொருத்தம். நண்பகல். நாலு. மாலை ஆறு. நாலு. எரிச்சலோடு கையை எடுத்தான்.

டக்.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

டக்... டக்.

நேரக் கட்டத்தில் மூன்று இலக்கங்கள். அதிகாலை 2.35. தட்டு உள்ளே கிறீச்சிட்டுச் சுழன்றது. கற்பூரம் மணத்தது, இப்போதுதான் ஏற்றியதுபோல.

பத்துக்குப் பத்து.

வைனை நிறுத்தினான். ஓடும் செயலிகளின் பட்டியலில் அது இல்லை. சாளரம் மட்டும் திரையை விட்டுப் போகவில்லை.

“விண்டோஸ்காரன் எழுதின குப்பை.”

சிரித்துக்கொண்டே அச்செடுத்தான். ஆனந்தராசாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான். மறுமுனையில் அவர் பேனாவால் கூட்டிப் பார்ப்பது கேட்டது.

“இப்பிடி ஒரு பொருத்தத்தை நான் கண்டதில்லைத் தம்பி. ரொறன்ரோக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லுறன். உங்கட அம்மாவோட ஒருக்காக் கதைக்கவேணும்.”

மடையர்கள். எவ்வளவு சுலபம்.

உடனே ஊருக்கு எடுத்தான். மட்டக்களப்பில் அப்போது காலை. அம்மா தேவாலயத்தில் பூசை முடிந்து வந்திருந்தார்.

“அம்மா, தக்ஷினிட அப்பா எடுப்பார். நான் விடியச்சாமம் ரெண்டு முப்பத்தஞ்சுக்குப் பிறந்ததெண்டு சொல்லுங்க. சும்மா ஒரு பொய்.”

கம்பியில் இரைச்சல். தூரத்தில் ஒரு காகம். பிறகு அம்மாவின் குரல்.

“அது, உன்னோட ரெட்டையாப் பிறந்து அழாமலே போன புள்ளைர நேரம், மனே. உனக்கு ஆரு சொன்ன?”