கண்ணாடித் தொட்டியில் காலமான இறால்களுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

தலை நரைத்தும் குரல் நரைக்காத தலைவர், அண்ணன் பொன்னுசாமி அவர்களே! இரவு ஷிப்ட் முடித்து, தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைக்க வந்து, இந்த ஓசூர்க் குளிரில் நடுங்கியபடி நாளைய குழம்பை யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கம்பெனி கேட்டருகே நின்று, கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருக்கும் காவலாளி முனிராஜ் அவர்களே! அனைவரையும் வணங்கி, இந்தத் தங்கமணி தன் கண்ணீரைக் காணிக்கையாக்குகிறான்.

இறந்தவர் யார் என்கிறீர்களா? கம்பெனி வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்த இறால்கள்! நத்தைகள்! யாரோ விட்டுப்போன சங்குக்குள் வாடகை இல்லாமல் குடித்தனம் நடத்திய நண்டுகள்! சிரிக்காதீர்கள் அம்மா, இது துக்கக் கூட்டம்.

நம் மேனேஜருக்கு மீன் மீது ஆசை வந்தது. பாரூர் ஏரியில் மீனுக்கா பஞ்சம்? ஏரி மீன் அவர் அந்தஸ்துக்கு ஆகுமா? கடல் மீன்தான் வேண்டும்! கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், உப்பை மூட்டை மூட்டையாகக் கரைத்து ஒரு கடலையே உண்டாக்கினார். நம் கழிப்பறைக்குத் தண்ணீர் வராத வாரம் அது. அந்தக் கடலில் கிளாத்தி என்றொரு மீனை விட்டார். ஆகா, என்ன அழகு! என்ன நிறம்! என்ன பல்! சங்கையே கடித்து உடைக்கும் பல்!

அது தின்றது, சிந்தியது, அசிங்கம் செய்தது. கண்ணாடியெல்லாம் பாசி. பெங்களூரு மீன்கடைக்காரர் சொன்னார்: "சார், கிளீனிங் க்ரூன்னு துப்புரவுக் கூட்டமே இருக்குது. பாசிய நத்தை மேயும், சிந்தினத இறால் பொறுக்கும், நண்டு மண்ணக் கிளறும். ஆனா இந்த மீன் இருக்கற தொட்டியில விட்டுடாதீங்க, தின்னுடும்." மேனேஜர் முதல் பாதியை மட்டும் கேட்டார். பெரிய பதவிக்குப் போனால் காது பாதிதான் வேலை செய்யும் போலிருக்கிறது!

இறால்கள் வந்து இறங்கிய காலை, மேனேஜர் மகிழ்ச்சியோடு கேட்டுக்குப் போன் செய்தார்: "கிளீனிங் க்ரூ வந்தாச்சு!" அந்த நேரம் பார்த்து, நம் கூட்டிப் பெருக்கும் சகோதரிகள் ஜோதியம்மாள், காவியா, ராஜலட்சுமி உட்பட ஆறு பேரும் வேலைக்கு வருகிறார்கள். முனிராஜ் கையை நீட்டி மறிக்கிறார்.

"பேடம்மா, உள்ள பேடா! போகாதீங்க, கிளீனிங் க்ரூ வந்தாச்சாம்!"

"என்னாங்க இது, நாங்கதான க்ரூ?"

"எனக்கென்னம்மா தெரியும்? வேற க்ரூ போல!"

முனிராஜ் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் செய்தது தவறு. மேனேஜர் செய்தது முடிவு! விஷயம் தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின் யோசித்தார். "பரவால்லியே, ஆறு பேர் இல்லாமயே ஓடுதே!" அவ்வளவுதான், வேலை போயிற்று.

சரி, புதிய க்ரூ என்ன ஆயிற்று? சம்பளம் கேட்காத இறால்! ஓவர்டைம் கேட்காத நத்தை! பி.எஃப். என்றால் என்னவென்றே அறியாத நண்டு! இப்படிப்பட்ட தொழிலாளி எந்த முதலாளிக்குக் கிடைக்கும்? விடிந்து பார்த்தால் இறாலில் மீசை மட்டும் மிச்சம். நத்தை ஓடு நொறுங்கிக் கிடந்தது. நண்டு இருந்த சங்கு காலி. மறுபடி வாங்கி உள்ளே விட்டார், மறுபடி காலி. மேனேஜர் சலித்துக்கொண்டார்: "இப்பல்லாம் வேலைக்கு ஆளே நிக்க மாட்டேங்கறாங்கப்பா!"

மீனுக்கு மெமோ கொடுத்தாரா? மீனை விசாரித்தாரா? நான் மீனைக் குறை சொல்ல மாட்டேன் தோழர்களே. அதற்குப் பசித்தது, தின்றது. தின்னும் என்று தெரிந்தும் உள்ளே விட்டது யார்? உழைக்க வந்ததை உணவாக்கியது யார்?

இப்போது கம்பெனிக்குள் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியவில்லை. அதனால் இன்று காலை சேதி அனுப்பியிருக்கிறார். என்ன சேதி? "மூணு பேர் வரலாம். எந்த மூணு பேருன்னு அவங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணிக்கட்டும்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வைத்திருக்கும் காவியா போவதா? கால் முறிந்த கணவனைக் காப்பாற்றும் ராஜலட்சுமி போவதா? யார் யாரைத் தள்ளிவிட்டு உள்ளே போவது? மீனிடம் பாடம் படித்துவிட்டார் ஐயா! ஆறு பேரையும் ஒரே தொட்டியில் விட்டு, ஒருவரை ஒருவர் தின்னச் சொல்கிறார்! தின்போமா? சொல்லுங்கள், தின்போமா?

என்னம்மா ஜோதியம்மா, கையைத் தூக்குகிறீர்கள்? வாருங்கள், மைக்கிலேயே சொல்லுங்கள்.

"போனா ஆறு பேரும் போறோமுங்க. இல்லீன்னா அந்த மீனே கக்கூஸ் கழுவட்டும்!"

கேட்டீர்களா! இதற்குமேல் நான் பேசினால் வீண். மனப்பாடம் செய்துவந்த மீதியை விழுங்கிவிடுகிறேன். நாளைக் காலை ஆறு பேரும் வாசலுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறோம் என்று மேனேஜரே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்! மைக்குக்கு மின்சாரம் தந்த டீக்கடை சிவராஜுக்கும், கால் கடுக்க நின்று கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!