கழுத்தில் கயிறு இல்லை

"குனி! குனி!" யாரோ கத்துகிறார்கள். குனிய இடமில்லை. முன்னால் ஒரு முதுகு. பின்னால் ஒரு சைக்கிள். மழை. கண்டி வீதி முழுக்கத் தலைகள். தொண்ணூற்றைந்து, ஐப்பசி முப்பத்தொன்று, காலை. ஆமி வருகிறான், நகரத்தை விட்டு வெளியேறுங்கள் என்று நேற்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். யாழ்ப்பாணம் மொத்தமாக நாவற்குழிப் பாலத்துக்கு நடக்கிறது.

தூரத்தில் 'டொம்'. ஷெல் புறப்படும் சத்தம். பிறகு விசில். விசில் கேட்டால் தலைக்கு மேலால் போகிறது. கேட்காவிட்டால்தான் எங்களுக்கு. எனக்குப் பதினேழு வயது. இதெல்லாம் தண்ணிபட்ட பாடு.

அரியாலை தாண்டவில்லை. அம்மா சட்டென்று நின்றார்.

"ஐயோ, மாடு கட்டினபடி! இஞ்சாருங்கோ, மாட்டை அவிட்டு விடேல்லை!"

அப்பா சைக்கிளை என் கையில் தந்தார். "பாலத்தடியிலை நில்லுங்கோ. அவிட்டுப் போட்டு வாறன்." கூட்டத்துக்கு எதிராகத் தோளைக் கொடுத்து நுழைந்தார். பச்சைச் சேர்ட் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

பாலத்தடியில் நிற்க எவன் விட்டான்? "நிக்காதை! நட! நட!" சைக்கிள் நெரிசலில் போய்விட்டது. எங்களைத் தள்ளித் தள்ளியே அக்கரையில் விட்டார்கள்.

கார்த்திகை முழுக்க நகரத்தை அடித்தார்கள். நாங்கள் சாவகச்சேரியில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். மேற்கே அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் அம்மா எழும்பி வாசலுக்குப் போவார். இருக்கவே மாட்டார்.

அப்போதுதான் மாடு வந்தது. கைதடியில் மேய்ந்துகொண்டு நின்றதாம். அயல்வீட்டுச் செல்வம் அண்ணை பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் நெற்றிச்சுட்டிதான். அம்மா அதன் கழுத்தைத் தடவினார். கயிறு இல்லை. அறுத்துக்கொண்டு வந்திருந்தால் துண்டு தொங்கும். ஒரு கை கழற்றியிருக்கிறது.

"பாத்தியே! வீட்டை போய்ச் சேந்திட்டார். அவிட்ட மனுசன் வராமல் விடுவாரே?"

வரவில்லை. மார்கழியில் நகரம் விழுந்தது. சண்டை ஓய்ந்தபின் போய்ப் பார்த்தோம். ஷெல் வீட்டுக்கு மேலேயே விழுந்திருந்தது. கூரை இல்லை. மாட்டுக் கட்டையில் கயிறு அப்படியே கிடந்தது. அப்பா இல்லை. ஒரு எலும்புகூட இல்லை.

இப்போது வெள்ளைக்காரன் நாட்டில், ஸ்ட்ரெதம். பஸ்ஸுக்கு நிற்க ஏலாது எனக்கு. ஆட்கள் நெருக்கினால் நடக்கத் தொடங்கிவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான். "சிட் டவுண், அம்மா" என்று என் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கார்த்திகை, ஆத்துமாக்கள் மாதம், வந்தால் வீட்டில் சண்டையும் வரும். சேர்ச்சில் தமிழ்ப் பூசையில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அம்மா அப்பாவின் பெயரைக் கொடுக்கமாட்டார். நோயாளிகளுக்கான மன்றாட்டில் கொடுப்பார். எண்பது தாண்டிய மனுசனுக்குச் சுகம் கேட்டு! எனக்கு விசர் வரும்.

இந்த வருடமும் சண்டை வந்தது. நான் மேசையில் இதை, நாங்கள் இழந்தவற்றின் கணக்கை, எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் நின்று கேட்டார்.

"எத்தினை பேர் எண்டு போட்டனி?"

"ஒராள்."

"வெட்டு."

"முப்பது வருசம், அம்மா! எங்கை இருக்கிறார்? சொல்லுங்கோ பாப்பம்!" கத்திவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. "செத்தவர் எண்டு எழுதினால், அனுப்பிச் சாக்காட்டினது நான் எண்டும் எழுது. மாடு எண்டு கத்தினது நான்தானே."

முப்பது வருடம் இது அவர் நெஞ்சில் இருந்திருக்கிறது. நம்பிக்கை என்று நினைத்தல்லவா நான் எரிந்து விழுந்தேன். அது பயம். பாவி மனுசி, இவ்வளவு காலமும் தனியே சுமந்திருக்கிறார்.

எழும்பி அடுப்படிக்குப் போனேன். "கத்தினது நீங்கள். ஷெல் அடிச்சது அவங்கள். ரெண்டையும் எழுதிறன், அம்மா. ரெண்டும் ஒண்டில்லை."

அம்மா சோற்றை இறக்கினார். கஞ்சியை வடித்தார். மூடியைத் துடைத்தார்.

"அப்ப பேரை முழுசா எழுது. அரைகுறையாய் எழுதாதை."

இழந்தவை. சுண்டுக்குழியில் ஒரு வீடு. என் ஏ.எல். புத்தகங்கள். சைக்கிள். மாடு, அடுத்த இடப்பெயர்வில்.

ஆள், ஒருவர். சவிரிமுத்து மரியதாஸ்.