ஜாடிக்குள் பென்சிலால் எழுதிய பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அய்யா அவர்களே, பேராசிரியர்களே, மாணவப் பிள்ளைகளே, வடக்கனந்தலிலிருந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் பொன்னுரங்கத்தின் வீட்டாரே, வணக்கம். நான் கொளஞ்சியம்மாள். நம் கல்லூரி விலங்கியல் கூடத்தில் இருபது வருஷமாக ஜாடி கழுவுகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எதையும் மறக்கமாட்டேன்.

ஆய்வக உதவியாளர் பொன்னுரங்கம் எப்படிப் போனார்? இடஒதுக்கீட்டு மறியலின் மூன்றாம் நாள் நெஞ்சுவலி. சாலை நெடுக வெட்டிப் போட்ட மரம். மறியல் செய்த பிள்ளைகளே அவர் கிடந்த கட்டிலைத் தூக்கி, மரத்துக்கு மரம் கைமாற்றினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி கண்ணில் படுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

என் கோபம் வேறு.

மண்டபம் கடற்கரைக்குப் போன கல்லூரிச் சுற்றுலாவில், பவளப்பாறை இடுக்கில் தரையோடு படுத்துக் கிடக்கும் சுறாக்களை மீனவர்களோடு முங்கிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வலையில் செத்து வந்த எட்டைக் கொண்டுவந்தார். துறைத் தலைவர் அய்யா எட்டுக்கும் ஒரே பெயர் எழுதினார். பொன்னுரங்கம் இரண்டு வகை என்றார்.

என்னிடம் காட்டினார். “கொளஞ்சிக்கா, நெறத்த நம்பாத. குட்டில பட்ட பட்டயா இருக்கும், வளந்தா காணாம பூடும். மருந்துல கெடந்தா மிச்சமும் வெளுத்துடும். வெலாப் பக்கம் தடவிப் பாரு.” தடவினேன். மூன்றுக்கு விலாவில் நீளமாக வரப்பு ஓடியது. ஐந்துக்கு இல்லவே இல்லை. என் விரலுக்கே தெரிந்தது!

நீங்கள் என்ன சொன்னீர்கள் அய்யா? “கழுவறவன் கழுவு. சுறாவுக்குப் பேரு வைக்க வந்துட்டான்!” நினைவிருக்கிறதா? எனக்கிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் போட்டிருந்தது நீலச் சட்டை.

ஆறு மாதம் கழித்து, கேட்டு எழுதியிருந்த மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு வகைதான்! ஜாடிச் சீட்டில் ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் யார் பெயர் ஏறியது? உங்கள் பெயர்! பொன்னுரங்கம் தன் பெயரைப் போடச் சொல்லி மூன்று முறை கேட்டார். கடைசியாகக் கேட்டது மறியலுக்கு முந்தின நாள். “மறியல் முடியட்டும், பாக்கலாம்” என்றீர்கள். முடிந்து பஸ் ஓடுகிறது. இப்போது பார்க்கலாமா அய்யா?

சற்று முன் அவரை அமைதியானவர் என்று புகழ்ந்தீர்கள். வாயை அடைத்தவர் யார்?

இன்று காலை அந்தச் சுறாக்கள் இருக்கும் இரண்டு ஜாடிகளையும் திறந்தேன். பழைய சீட்டை எடுத்துவிட்டேன். மருந்தில் பேனா மை கரையும். பென்சிலால் எழுத்துக் கூட்டி, ‘கண்டறிந்தவர்: பொன்னுரங்கம், வடக்கனந்தல்’ என்று எழுதி உள்ளே போட்டு, மூடியை மெழுகால் அடைத்தேன். அவர் பிரித்துவைத்த மற்ற ஜாடிகளுக்கும் எழுதுவேன். அவர் வீட்டாருக்கு முன்னால் இது என் வாக்கு.

அந்தச் சீட்டை எடுக்க நினைப்பவர் ஃபார்மலின் மருந்துக்குள் கையை விட வேண்டும். இருபது வருஷத்தில் அய்யாவின் கை அதில் நனைந்து நான் பார்த்ததில்லை.